வேலை பார்த்த வண்டியும் குறைந்த இழுவையும்

பட்டறைக்கு விடும்போது இருந்த இழுவை வேலை முடிந்து எடுத்து வரும்போது இல்லை என்னும் முறையீடு, மோட்டார்த் தொழிலில் மிகப் பழைய முறையீடுகளுள் ஒன்று. எதற்காக வண்டியை விட்டார்களோ அந்தக் கோளாறு தீர்ந்திருக்கும். புகை நின்றிருக்கும், எண்ணெய்க் கசிவு அடைபட்டிருக்கும், பில்லில் எழுதிய சாமான்கள் யாவும் உண்மையாகவே மாற்றப்பட்டிருக்கும். ஆயினும் மேட்டைக் கண்டதும் வண்டி தயங்கும், முன்பு டாப் கியரிலேயே ஏறிய பாலத்தில் இப்போது கியரை இறக்க வேண்டியிருக்கும், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சத்தம் வளருமேயன்றி வேகம் வளராது. இந்த நிலையில் எங்கே கை வைப்பது, எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிவரை தொடாமல் விடுவது என்று அறிந்திருப்பதே ஒரு மெக்கானிக்கின் திறமைக்கு உரைகல் என்று நம் பட்டறைகளில் நெடுநாளாகக் கருதி வந்திருக்கிறார்கள். கார்களின் சரித்திரத்தை எழுதியிருக்கிறார்கள். கார் வைத்திருந்த பிரபுக்களின் சரித்திரமும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. காரைத் திறந்து பார்த்தவர்களின் சரித்திரமோ பெரும்பாலும் வாய்வார்த்தையாகவே நின்றுவிட்டது.

சென்னையில் அந்தச் சரித்திரம் குதிரை வண்டியில் தொடங்குகிறது. 1840-இல் ஏற்பட்ட சிம்ப்ஸன் கம்பெனி, கோச்சு வண்டிகளும் சாரட்டுகளும் கட்டிப் பெயர்பெற்ற நிறுவனம். அதைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டிச் சென்னை வீதிகளில் ஓட்டிக் காட்டினார். கூடு கட்டும் தச்சர்களும், பட்டையடிக்கும் கொல்லர்களும், தோல் வேலை, வர்ண வேலை அறிந்தவர்களும் கோச்சுப் பட்டறைகளில் ஒருங்கே இருந்தமையால், கடல் கடந்து வந்த மோட்டார் வாகனத்தைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு முதன்முதல் அவர்களுக்கே கிட்டியது. ஆனால் அவர்கள் அதுவரை பழகிய வாகனத்தில் கோளாறு என்பது கண்ணுக்குத் தெரிவது. அச்சு முறிந்தால் முறிந்தது தெரியும், ஆரக்கால் தளர்ந்தால் அசைத்துப் பார்த்தால் தெரியும். எஞ்சினின் கோளாறோ இரும்புச் சுவருக்குள்ளே, கணத்தில் பற்றி அணையும் நெருப்பில் நிகழ்வது. அதைக் காதாலும் விரல் நுனியாலும் மூக்காலும் அனுமானித்தே அறியவேண்டும். கண்ணால் கண்டு செய்த தொழிலிலிருந்து அனுமானத்தால் செய்யும் தொழிலுக்கு, தமிழில் ஒரு கைப்புத்தகத்தின் துணைகூட இல்லாமல் இந்த மனிதர்கள் கடந்து வந்தார்கள் என்பது, நாம் இன்னும் உரிய மதிப்புக் கொடுக்காத ஒரு சாதனை.

ஆதிகால மோட்டார் வண்டிகளில் இழுவையின் ரகசியம் ஒன்று ஓட்டுபவர் கையிலேயே இருந்தது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றி எரிவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும்; ஆதலால் பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னதாகவே தீப்பொறி விழவேண்டும்; எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவுக்குப் பொறியும் முந்தவேண்டும். பொறி பிந்தினால், எரிந்து விரியும் வாயு இறங்கிப்போகும் பிஸ்டனைத் துரத்திக்கொண்டு போய், தன் பலத்தைப் பிஸ்டனுக்குக் கொடாமல் உஷ்ணமாகப் புகைக்குழாயில் கொட்டிவிடும். அளவுக்கு மீறி முந்தினால், ஏறிவரும் பிஸ்டனை எதிர்த்து அடித்து எஞ்சினைத் தட்டவைக்கும். 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி வண்டியில் ஸ்டீயரிங் சக்கரத்தின்கீழ் இடப்புறம் இருந்த சிறு பிடி இதற்காகவே ஏற்பட்டது; மேடு வந்தால் பொறியைப் பிந்தவிடுவதும், சமவெளி வந்தால் முந்தவிடுவதும் சாரதியின் அன்றாடக் காரியம். பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே சுழற்சியால் விரியும் எடைக்குண்டுகளும், கார்புரேட்டரிலிருந்து வரும் வாக்குவம் குழாயும் அந்தக் காரியத்தைத் தாமே செய்யத் தொடங்கின, பிடி மறைந்தது. ஓட்டுவோருக்கு இது பெரிய சௌகரியமாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே நாளில் எஞ்சினின் பலம் எங்கிருந்து வருகிறது என்ற ஞானமும் சாரதியின் கையைவிட்டு மெக்கானிக்கின் கைக்குப் போய்விட்டது. இத்தொழிலின் சரித்திரத்தில் இதைவிட முக்கியமான திருப்பம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வண்டிக்காரருக்குத் தெரிவதெல்லாம் இழுவை இல்லை என்பது மட்டுமே. ஏன் இல்லை என்பதைச் சொல்ல இன்னொருவர் தேவைப்பட்டார்.

அந்த இன்னொருவரைப் பெருந்தொகையில் உண்டாக்கியவை பஸ் கம்பெனிகள். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டிப் பின்னர் மதுரையில் நிலைகொண்ட டி. வி. சுந்தரம் ஐயங்காரும், 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸுடன் பொள்ளாச்சி–பழனி சாலையில் தொடங்கிய ஜி. டி. நாயுடுவும், வண்டி குறித்த நேரத்துக்குக் கிளம்பிக் குறித்த நேரத்துக்குச் சேரவேண்டும் என்பதைத் தம் வியாபாரத்தின் ஆதாரமாகக் கொண்டவர்கள். தனிமனிதரின் கார் இழுக்காவிட்டால் அவருக்கு மட்டும் தொந்தரவு. பஸ் இழுக்காவிட்டால் நாற்பது பேர் சந்தைக்கும் கோர்ட்டுக்கும் தாமதமாகப் போவார்கள். ஆகவே ராத்திரி ஷெட்டுக்கு வந்த வண்டியை விடியுமுன் திறந்து மூடி, மூடியபின் ஓட்டிப் பரீட்சித்து அனுப்பும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. நாயுடுவின் முயற்சியால் 1945-இல் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தோன்றுவதற்கு முன்பே, இத்தகைய ஷெட்டுகள்தாம் பையன்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன.

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது பெட்ரோல் ரேஷனாயிற்று. கரியை எரித்து வரும் வாயுவால் வண்டி ஓட்டும் ஏற்பாடு பரவியது. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் வடிவமைத்த டி.வி.எஸ். காஸ் பிளான்ட் தென்னாட்டுச் சாலைகளில் பிரசித்தமாயிருந்தது. கரி வாயுவுக்குப் பெட்ரோலைப்போல வீரியம் கிடையாது. அதே எஞ்சின் ஏறத்தாழ பாதிப் பலமே கொடுக்கும். அன்றியும் அது மெதுவாக எரிவதால், பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, பெட்ரோலுக்கு வைத்ததைவிட இன்னும் முந்தவைத்தால்தான் உள்ள பலமாவது கிடைக்கும். சாம்பலும் தாரும் வால்வுகளில் படிந்து அடைப்பதும் உண்டு. இழுவை குறைவது ஒவ்வொரு வண்டியிலும் நித்திய நிகழ்ச்சியாயிருந்த அந்த ஆண்டுகளில், இயல்பாகக் குறைந்தது எவ்வளவு, கோளாற்றால் குறைந்தது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டிய அவசியம் மெக்கானிக்குகளுக்கு ஏற்பட்டது; யுத்தம் முடிந்து பெட்ரோலுக்குத் திரும்பியபோது, முந்தவைத்த டைமிங்கை மறுபடி பிந்தவைக்க மறந்தால் எஞ்சின் தட்டும் என்பதையும் கையோடு கற்றுக்கொண்டார்கள். நம் நாட்டு மெக்கானிக்குகளுக்கு டைமிங் சாஸ்திரத்தில் பயிற்சியளித்தது இந்தக் கரிப்புகைதான் என்பது என் அபிப்பிராயம்.

சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டுக் கார்களின் வரவு சுருங்கிற்று. 1950-களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்நாட்டில் கார் பூட்டும் தொழிலை விட்டுச் சென்றன. உத்தரபாராவில் அம்பாஸடர், பம்பாயில் ஃபியட், 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று சில வண்டிகளே எஞ்சின. வாங்குவோருக்கு இது வறுமைதான். ஆனால் மெக்கானிக்குகளின் தலைமுறை ஒன்றுக்கு இது ஒரு விசித்திரமான பாக்கியமாயிற்று. அம்பாஸடரின் 1489 சி.சி. எஞ்சின் பல்லாண்டுகள் பெரிய மாறுதலின்றி வந்துகொண்டேயிருந்தமையால், ஒரே எஞ்சினை ஆயுள் முழுவதும் திறந்து மூடியவர்கள் தோன்றினார்கள். புதுச் சாமான் கிடைக்காதபோது சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய், உடைத்த வண்டிகளின் உறுப்புகளைப் பொறுக்கி எடுத்துப் பொருத்துவதும் சாதாரணம். அப்படிப் பொருத்திய கார்புரேட்டரில் வேறு வண்டியின் ஜெட் இருக்கும். வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. ஆகவே சாமான் புதிதாயினும் பழையதாயினும், பொருத்தியதோடு வேலை முடிந்தது என்று கருதாத மனப்பான்மை அங்கே ஊறிப்போயிற்று.

அந்த எஞ்சினில் நடக்கும் டீகார்ப் என்னும் வேலையைச் சற்று அருகிருந்து பார்க்கலாம். ஹெட்டை இறக்கி, படிந்த கரியைச் சுரண்டி, வால்வுகளைப் பசை தடவித் தேய்த்து உட்காரவைத்து மறுபடி ஏற்றுவது அது. இழுவை கூடவேண்டும் என்பதற்காகவே செய்யும் வேலை. ஆனால் முடிந்தபின் இழுவை குறைந்தது என்ற புகார் வந்ததும் இதில்தான் அதிகம். வால்வைத் தேய்க்கத் தேய்க்க அது தன் பீடத்தில் மேலும் ஆழ்ந்து உட்காரும். அதன் தண்டு அவ்வளவுக்கு மேலே எழும். தண்டுக்கும் ராக்கருக்கும் இடையே விட்டிருந்த டேப்பட் இடைவெளி சுருங்கும். அந்த இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது தடித்த அட்டையின் கனம். புது காஸ்கெட் சில நூறு மைல் ஓடி அமுங்கியபின் ஹெட் போல்ட்டுகளை மறுபடி முடுக்கும்போது அது இன்னும் சுருங்கும். எஞ்சின் சூடேறித் தண்டு நீண்டதும் வால்வு முழுவதும் மூடாமல் நிற்கும். அழுத்தம் கசியும், இழுவை போகும், கவனியாது விட்டால் வால்வின் விளிம்பே எரிந்துபோகும்.

இதில் வருந்தத்தக்க விஷயம், பிழை பல சமயம் வண்டிக்காரரின் விருப்பத்தாலேயே நேர்ந்தது என்பது. சரியான இடைவெளி வைத்த டேப்பட் சிறிது சத்தம் போடும். "மேஸ்திரி, டிக் டிக்னு சத்தம் வருதே, அதைக் கொஞ்சம் பாருங்க" என்பார் சொந்தக்காரர். அனுபவமற்ற கை ஃபீலர் கேஜை ஒதுக்கிவைத்துவிட்டுக் காதால் முடுக்கும்; சத்தம் அடங்கும்; சொந்தக்காரர் திருப்தியோடு போவார்; ஒரு மாதத்தில், மேடு ஏறவில்லை என்று வருவார். தேர்ந்த மேஸ்திரியோ, "இல்ல சார், இந்தச் சத்தம் இருக்கணும், சத்தம் இல்லேன்னா வால்வு எரிஞ்சுடும்" என்று மறுத்துவிடுவார். அவ்வாறு மறுப்பதால் வாடிக்கையை இழக்க நேர்ந்தாலும் மறுத்தவர்கள் இருந்தார்கள்.

பாயிண்ட் மாற்றிய வண்டியிலும் இத்தகைய நுட்பம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் காண்டாக்ட் பாயிண்டில் காமின்மேல் உரசும் நார்ப்பலகைக் குதிகால், புதிதில் விரைவாகத் தேயும். தேயத் தேயப் பாயிண்டின் திறப்பு குறையும். திறப்பு குறைந்தால் பொறி பிந்தும். ஆகவே திங்கட்கிழமை நன்றாக ஓடிய வண்டி அடுத்த வாரத்தில் சோர்ந்து வருவது மாயமன்று. மேஸ்திரி எஞ்சினுக்கு ஹாண்டிலைப் போட்டு, முதல் பிளக்கைக் கழற்றிய துவாரத்தில் ஒரு பையனைக் கட்டைவிரலை அழுத்திக்கொள்ளச் சொல்லி மெல்லச் சுற்றுவார். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் அழுத்தவீச்சு தொடங்கிவிட்டது என்று பொருள். பின் புல்லியின் அடையாளம் வருமட்டும் மயிரிழையாகச் சுற்றி, பாயிண்ட்டுகளின் இடையில் சிகரெட் காகிதம் ஒன்றைச் செருகி இலேசாக இழுத்துப் பிடித்திருப்பார். காகிதம் விடுபடும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம். சிலர் காகிதத்துக்குப் பதிலாகச் சிறு பல்பு ஒன்றை ஒயரில் கட்டி, அது எரியும் கணத்தைப் பார்த்தார்கள். அக்காலத்து பெட்ரோல் ஆக்டேன் குறைந்ததாகையால், அச்சிட்ட அளவோடு நில்லாமல் சாலையிலும் பரீட்சிப்பார்கள்: டாப் கியரில் மணிக்கு இருபது மைலில் போய், பெடலைச் சடக்கென்று மிதித்தால், இலேசாக ஒரு தட்டல் கேட்டு உடனே மறையவேண்டும். தட்டலே இல்லாவிட்டால் பொறி பிந்தியிருக்கிறது, மறையாவிட்டால் முந்தியிருக்கிறது.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, மரப்பிடி போட்ட திருப்புளியால் பிளக்குகளை ஒவ்வொன்றாக எர்த் செய்வார்கள். எதை எர்த் செய்தால் எஞ்சினின் ஓட்டத்தில் மாற்றம் ஏற்படவில்லையோ அது ஏற்கெனவே செத்த சிலிண்டர். கழற்றிய பிளக்கின் நிறமும் சாட்சி சொல்லும். காப்பிப் பொடி நிறம் நலம். கரிக்கறுப்பு பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ரிங் தேய்ந்தது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெருமதிப்பு உண்டாக்கும் வழக்கம், பழைய மேஸ்திரிகள் பானெட்டைத் திறப்பதற்கு முன் செய்தது. வண்டியைச் சமதரையில் நியூட்ரலில் நிறுத்தி ஒற்றைக் கையால் தள்ளிப் பார்ப்பார்கள். ஓட்டிவந்த வண்டியின் நான்கு சக்கரங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்கள். பிரேக் ஷூவை இறுக்கி வைத்திருந்தால் டிரம் சுடும். எஞ்சின் பூரண பலத்தோடு இருந்தும், தன் பிரேக்கோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் வேலையோடு பிரேக் வேலையும் சேர்த்துப் பார்த்த வண்டியில் இது சகஜம். அடுத்து கிளச், பெடலில் சிறிதும் ஆட்டமில்லாமல் வைத்துவிட்டால் தட்டு வழுக்கும், சத்தம் கூடும், வேகம் கூடாது. அடுத்து, ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்க, மற்றொருவர் கார்புரேட்டரின் பட்டாம்பூச்சித் தகடு முழுவதும் திறக்கிறதா என்று பார்ப்பது. கம்பியைக் கழற்றி மாட்டியபோது ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தால் வண்டிக்காரர் எவ்வளவு மிதித்தும் பாதிதான் திறக்கும். இத்தனையும் சரியென்றான பிறகே எஞ்சினுக்கு வருவார்கள். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "என்னென்ன கழட்டினீங்க?" என்பது. கடைசியாகக் கைபட்ட இடத்தை முதலில் சந்தேகி என்ற இந்த முறை, எந்தக் கல்லூரியும் வகுத்துக் கொடாதது. ஆயிரம் வண்டிகளின் அனுபவம் திரண்டு விதியானது.

1950-இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தால் ஐ.டி.ஐ.க்களில் மோட்டார் மெக்கானிக் படிப்பு ஏற்பட்டது. 1961-இல் அப்ரெண்டிஸ் சட்டம் வந்தது. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. எனினும் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, திட்டும் குட்டும் வாங்கி, மேஸ்திரி சொல்லாததையும் பார்த்தே கற்றவர்கள்தாம் தெருமுனைப் பட்டறைகளை நிரப்பினார்கள். அந்தப் பையன்கள் பட்ட துன்பத்தை நான் புகழத் துணியமாட்டேன். அவர்கள் பெற்ற வித்தையைப் புகழாமலும் இருக்க முடியாது.

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்ததும் அந்த உலகம் மெல்ல மாறலாயிற்று. மூன்று சிலிண்டர், 796 சி.சி., ரப்பர் பெல்ட்டால் சுழலும் காம். இப்போது டைமிங் தவறுவது பல் கணக்கில். பெல்ட் ஒரு பல் தள்ளி ஏறினால் எஞ்சின் ஓடும், ஆனால் ஜீவனில்லாமல் ஓடும். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு, புகையைச் சுத்திகரிக்கும் காட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. ஏறத்தாழ அதே காலத்தில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. பழுது பார்க்கும்போது ஒரு பிளக் ஒயர் சரியாக மாட்டப்படாமற் போனால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் தேன்கூட்டை உருக்கி அடைத்துவிடும். பிறகு ஒயரைச் சரிசெய்தாலும் புகை வெளியேற வழியின்றி இழுவை திரும்பாது. காற்றுக் குழாயின் ஒரு கிளிப்பை முடுக்க மறந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க் கலவையைக் கெடுக்கும். சென்ஸர் ஒன்றின் செய்தி மற்றதோடு முரண்பட்டால், எஞ்சினுக்குச் சேதம் வராதிருக்க, அதை நடத்தும் கம்ப்யூட்டரே வேண்டுமென்று பலத்தைக் குறைத்துவிடும். முற்காலத்து மேஸ்திரிகள் கண்டிராத புதுவகை இழுவைக் குறைவு இது.

ஸ்கானர் என்னும் கருவி எந்த இடத்துச் செய்தி ஒவ்வாதது என்று எண்ணிட்டுக் காட்டும். அது மிக உபயோகமான கருவி. அதை இகழ்வது பழைமைப் பித்து. ஆனால் காட்டிய சென்ஸரையே குற்றவாளியாகக் கருதிப் புதிது வாங்கி மாட்டுவோர் பலர். அந்தச் சென்ஸருக்கு அருகில் நேற்று யார் கை வைத்தார்கள், எந்தக் கிளிப்பைத் திறந்தார்கள் என்று கேட்போர் சிலர். டிரம்மைத் தொட்டுப் பார்க்கும் புறங்கைக்கு ஈடான எண் எதுவும் பல வண்டிகளின் ஸ்கானரில் இன்றும் வருவதில்லை. புதுக் கருவியைப் பழைய வரிசையோடு சேர்த்துப் பிரயோகிக்கும் மெக்கானிக்கே இன்று சிறந்த மெக்கானிக் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதன் எஞ்சினைத் தம் கைரேகைபோல் அறிந்திருந்தவர்கள் முதுமையடைந்துகொண்டிருக்கிறார்கள். மோட்டார்த் துறை வைத்திருக்கும் ஐ.டி.ஐ.க்களும் பாலிடெக்னிக்குகளும் தம் ஊரிலுள்ள இத்தகைய மேஸ்திரிகளை அழைத்து, அவர்கள் பரிசோதிக்கும் வரிசையை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவைத்து, தமிழில் ஒரு கைப்புத்தகமாக அச்சிடவேண்டும். கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது, என்ன மாற்றினார்கள் என்பதோடு எவற்றைக் கழற்றி மாட்டினார்கள் என்பதையும் பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள், இழுவை குறைந்ததாகத் தோன்றினால் வேறு பட்டறைக்கு ஓடாமல், அந்தச் சீட்டோடு முதலில் அதே மெக்கானிக்கிடம் போங்கள்.